நள்ளிரவு ஜெபத்துக்குப் பிள்ளையை எழுப்புவதா, தூங்க விடுவதா?

செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை, லண்டனில் இரவு 12:45. ஜெப ஆலயத்தின் பின்வரிசையில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் அப்பாவின் கோட்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்குகிறான். ஜெபம் இன்னும் தொடங்கவே இல்லை. யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்கு முன்னால் சொல்லப்படும் மன்னிப்பு ஜெபங்களுக்கு செலிஹோத் என்று பெயர், ஐரோப்பிய வழிவந்த அஷ்கெநாசி யூதர்கள் அதன் முதல் இரவை நள்ளிரவு தாண்டித்தான் தொடங்குவார்கள். அந்த நள்ளிரவும் கடிகாரம் காட்டும் பன்னிரண்டு கிடையாது. சூரியன் மறைவதற்கும் உதிப்பதற்கும் சரிபாதி நேரம் அது, கோடைக்கால நேரக் கணக்கு வேறு சேர்ந்துகொள்வதால் லண்டனில் ஏறக்குறைய 12:55, நியூயார்க்கில் 12:50, ஜெருசலேமில் 12:35 என்று போய் விழும். ஆக, பெரியவர்களே கொட்டாவி விடும் நேரம். அந்தப் பையனை எதற்குக் கூட்டிவந்தார்கள் என்று கேட்டால் அப்பாவிடம் ஒரு பதில் இருக்கும், அம்மாவிடம் வேறு பதில் இருக்கும்.

யூதக் குடும்பங்களில் ஆண்டுதோறும் எழும் கேள்வி இது. பேச வசதியாக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்: ஓரளவு ஆசாரமான குடும்பம், வடமேற்கு லண்டன், பிள்ளைகள் மூன்று பேர், வயது 2, 5, 8. அவர்கள் முன்னால் இருக்கும் வழிகள் என்னென்ன? எல்லா இரவு ஜெபத்துக்கும் எல்லோரையும் கூட்டிப்போகலாம். விவரம் தெரியும்வரை யாரையும் கூட்டிப்போகாமல் இருக்கலாம். சில இரவுகளை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். இல்லையென்றால் கூட்டிப்போய்ப் பாதியில் திரும்பிவிடலாம்.

முதலில் அப்பாவின் கட்சி. இதற்கு நல்ல பழைய ஆதாரம் இருக்கிறது. உபாகமம் 31:12-இல் ஏழாண்டுக்கு ஒருமுறை கூடாரப் பண்டிகையின்போது ஆண்கள், பெண்கள், பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிவைத்து வேதத்தை வாசிக்கச் சொல்லியிருக்கிறது. ஆண்கள் கற்க வருகிறார்கள், பெண்கள் கேட்க வருகிறார்கள், குழந்தைகள் எதற்கு என்று, பழைய யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத்தில் ரபி எலாசார் பென் அசரியா கேட்டுவிட்டு, கூட்டிவருபவர்களுக்குப் பலன் கிடைக்கத்தான் என்று தானே பதிலும் சொல்கிறார். இந்த விளக்கத்தைச் சீடர்கள் வந்து சொன்னதும், கையில் இவ்வளவு நல்ல முத்தை வைத்துக்கொண்டு என்னிடம் மறைக்கப் பார்த்தீர்களே என்று ரபி யெகோசுவா பென் ஹனன்யா செல்லமாகக் கோபித்துக்கொள்கிறார். இவர் யார் என்றால், கைக்குழந்தையாக இருந்தபோதே வேதச் சொற்கள் காதில் ஒட்டிக்கொள்ளட்டும் என்று தாய் தொட்டிலோடு ஜெப ஆலயத்துக்குத் தூக்கிப்போன பிள்ளை. அவருக்கு அந்த விளக்கம் ஏன் அவ்வளவு பிடித்தது என்று புரிகிறது இல்லையா. குழந்தைகளை ஜெப ஆலயத்துக்குக் கூட்டிவரும் வழக்கத்துக்கு இதுதான் ஆதாரம் என்று இடைக்கால உரைகாரர்களும் எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தத் தாய் தொட்டிலை நள்ளிரவில் தூக்கிப்போனாள் என்று எங்கும் இல்லை. அதோடு, பலன் கூட்டிவருபவருக்கு என்றுதான் சொல்லியிருக்கிறது, குழந்தைக்கு என்ன கிடைக்கும் என்று அந்த இடத்தில் பேச்சே இல்லை. இதை அப்பாமார்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

அம்மாவின் கட்சிக்கும் ஆதாரத்துக்குக் குறைவில்லை. ஷேமா என்ற விசுவாச அறிக்கையைக் காலையும் மாலையும் சொல்வது பெரியவர்களுக்குக் கடமை, சிறுவர்களுக்குத் தல்மூத்தின் அடிப்படை நூலான மிஷ்னா விலக்குக் கொடுக்கிறது. பழக்கும் வயதை எட்டிய பிள்ளைக்குக்கூட விலக்குத்தான், ஏனென்றால் அந்த நேரம் வரும்போது தகப்பன் எப்போதும் பக்கத்தில் இருப்பதில்லை என்கிறார் தல்மூத் உரைகாரர் ராஷி. பதினோராம் நூற்றாண்டில் பிரான்சில் இருந்து எழுதியவருக்கு வீட்டு நடைமுறை தெரிந்திருக்கிறது. 1630 வாக்கில் மறைந்த ரபி ஏசாயா ஹோரோவிட்ஸ், இந்தப் பக்கம் இன்னும் காட்டமாகப் பேசுகிறார்: சின்ன வயதிலேயே ஜெப ஆலயத்தில் ஓடி விளையாடிப் பழகிய பிள்ளைக்குப் பெரியவனானாலும் அந்த இடத்தின்மேல் பயபக்தி வராது, மற்றவர்களின் ஜெபமும் கெடுகிறது, அதனால் கூட்டிவராமல் இருப்பதே மேல். பின்னாளில் மிஷ்னா பெரூரா என்ற சட்ட உரைநூலும் இதை எடுத்துச் சொல்கிறது, இன்றும் எரிச்சலில் இருக்கும் முதியவர்கள் அடிக்கடி நினைவுபடுத்துவது இதைத்தான்.

தூக்கக் கணக்கும் இருக்கிறது. 3 முதல் 5 வயதுக்குப் பகல் தூக்கம் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம், 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி 2016-இல் சொன்னது. ஒரு இரவு குறைந்தால் குழந்தை ஒன்றும் ஆகிவிடாது, அதைப் பெரிதாக்க வேண்டாம். மறுநாள் என்ன என்பதுதான் விஷயம். லண்டனில் செலிஹோத்தின் முதல் இரவுக்கு மறுநாள் ஞாயிறு, பிள்ளை தூங்கலாம். இஸ்ரேலில் ஞாயிறு வேலைநாள், காலையில் பள்ளி உண்டு. ஒரே ஜெபம், ஒரே இரவு, இரண்டு ஊருக்கு இரண்டு முடிவு.

அப்பா இன்னொரு வாதமும் வைப்பார். பாஸ்கா இரவு விருந்தில் இதே பிள்ளைகள் நள்ளிரவுவரை விழித்திருக்கிறார்களே, அப்போது யாரும் தூக்கத்தைப் பற்றிப் பேசவில்லையே என்பார். நியாயமான கேள்வி, ஆனால் இதற்குப் பதில் தேடப்போனபோதுதான் எனக்கு முழு விஷயமும் பிடிபட்டது.

பாஸ்கா இரவு குழந்தைகளுக்காகவே செய்யப்பட்ட இரவு. பிள்ளைகள் தூங்கிவிடாமல் கேள்வி கேட்க வேண்டும் என்பதற்காகப் பழங்கால அறிஞர் ரபி அகிபா வறுத்த தானியமும் கொட்டைகளும் கொடுப்பாராம். மற்ற நாள்களில் படிப்பு மண்டபத்திலிருந்து எழுந்திருக்கும் நேரம் வந்துவிட்டது என்று அவர் சொன்னதே இல்லை, இரண்டு நாள்களில் மட்டும் சொல்வார்: பாஸ்காவுக்கு முந்தைய மாலை, பிள்ளைகள் தூங்குவதற்குள் வீட்டுக்குப் போக, யோம் கிப்பூர் என்ற பாவநிவாரண நாளுக்கு முந்தைய மாலை, நேரத்தோடு போய்ப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்க. பாஸ்கா மேசையில் இளைய பிள்ளைதான் நான்கு கேள்விகளைக் கேட்கிறது, அதற்குப் பதிலாகத்தான் எகிப்திலிருந்து வெளியேறிய கதையே தொடங்குகிறது. உடைத்த புளிப்பில்லா அப்பத்தின் ஒரு துண்டை ஒளித்துவைத்து, கண்டுபிடித்த பிள்ளைக்குப் பரிசு கொடுக்கும் வழக்கமும் விருந்து முடியும்வரை அவர்களை உட்கார வைக்கத்தான். இவ்வளவும் நடப்பது வீட்டில், சோபாவுக்குப் பத்தடி தூரத்தில். கண் சொக்கினால் அங்கேயே சாய்ந்துகொள்ளலாம்.

செலிஹோத் நள்ளிரவில் இப்படி ஒன்றும் இல்லை. கேட்க ஒரு கேள்வி இல்லை, தேட ஒரு துண்டு இல்லை, அடர்ந்த எபிரேயத்தில் எழுதிய இடைக்காலப் பாடல்களைப் பெரியவர்கள் வாய்க்குள் முணுமுணுப்பார்கள், பாடகர் நடுநடுவே குரல் எடுப்பார். அதில் அழகு இருக்கிறது, மறுக்கவில்லை. ஐந்து வயதுக்கு அது எட்டாது.

இதே கண்ணோடு மற்ற இரவுகளையும் பார்த்துக்கொண்டே போனால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. குழந்தைகளுக்கென்று மரபு ஒதுக்கிய பங்கு பெரும்பாலும் வீட்டு இரவில் இருக்கிறது, ஜெப ஆலயத்தில் என்றால் பகலில் இருக்கிறது. ஷாவுவோத் பண்டிகையை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாய் மலையில் வேதம் கிடைத்த நாள், அன்று இஸ்ரவேலர் தூங்கிப்போய்விட்டார்கள், அதை ஈடுகட்டத்தான் நாம் விழித்திருக்கிறோம் என்று ஒரு பழங்கதை சொல்லி விடியவிடிய உட்கார்ந்து படிப்பார்கள். லண்டனில் ஜூன் தொடக்கத்தில் முழு இருட்டு வரவே பத்து மணி தாண்டிவிடும், அதற்கு மேல்தான் எல்லாமே. சீஸ்கேக் இருக்கும் என்று ஆசைகாட்டி எட்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போகலாம், பதினொன்றரைக்கு மேல் தாங்காது. மறுநாள் காலையிலோ பத்துக் கட்டளைகளை வாசிக்கும்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள், கைக்குழந்தையைக்கூட அதைக் கேட்கக் கொண்டுவரும் வழக்கம் பல இடங்களில் உண்டு. பூரிம் அன்று எஸ்தர் புத்தகத்தை இரவிலும் வாசிக்க வேண்டும், மறுநாள் பகலிலும் வாசிக்க வேண்டும்; அதில் யூதர்களை அழிக்கப் பார்க்கும் ஆமானின் பெயர் வரும்போதெல்லாம் கிலுகிலுப்பை சுழற்றித் தரையை மிதிக்கும் அந்தக் கூச்சல் பகலிலும் அப்படியே கிடைக்கும். பூரிமைப் பொறுத்தவரை பிள்ளைகளைக் கூட்டிவருவது நல்ல வழக்கம் என்று யூதச் சட்டத்தொகுப்பே சொல்கிறது, ரொம்பச் சின்னக் குழந்தைகள் வேண்டாம், கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தைகூடத் தப்பக் கூடாது என்று உரைகள் சேர்க்கின்றன. இரவு வாசிப்பு சீக்கிரமே நடப்பதால் இந்த ஒன்றில் பெரிய சண்டை வராது.

ஆலய இரவு ஒன்று நிச்சயம் விதிவிலக்கு: சிம்ஹத் தோரா. ஆண்டு முழுக்க வாசித்து முடித்த தோரா என்ற வேதச் சுருள்களைத் தூக்கிக்கொண்டு ஏழு சுற்று ஆடிப்பாடிச் சுற்றுவார்கள், பிள்ளைகள் கையில் கொடி, பை நிறைய மிட்டாய், அப்பா தோளில் சவாரி. கொடிக்கம்பின் நுனியில் ஆப்பிளைக் குத்தி அதன்மேல் மெழுகுவத்தி ஏற்றும் வழக்கம்கூட ஒருகாலத்தில் இருந்தது, இன்றைக்கு எந்தத் தீயணைப்பு அதிகாரியும் அதற்குச் சம்மதிக்கமாட்டார். அக்டோபரில் சீக்கிரம் இருட்டிவிடுவதால் ஏழு, ஏழரைக்குத் தொடங்கிவிடும். இதற்குக் கூட்டிப்போகாமல் விட்டால்தான் தப்பு. ரொம்ப நேரம் போனால் மூன்றாவது சுற்றோடு கிளம்பிவிடலாம். மறுநாள் காலையில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பெரிய தொழுகைச் சால்வைக்கு அடியில் நிறுத்தித் தோராவுக்கு அழைக்கும் சடங்கு இருக்கிறது, அதைத் தவறவிடாமல் இருந்தால் போதும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் நான் காலையைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

யோம் கிப்பூர் தனி. கோல் நித்ரே என்று தொடங்கும் முந்தைய மாலை ஜெபம் சூரியன் மறைவதற்கு முன்பே ஆரம்பித்துவிடும், ஆனால் முடிய நேரமாகும், கூட்டம் நெரியும், மௌனம் கனமாக இருக்கும். எட்டு வயதுப் பிள்ளை அந்த மூன்றுமுறை பாடும் ராகத்தைக் கேட்டுவிட்டு வீடு திரும்பலாம். இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் உரிய பங்கு வாசலிலேயே முடிந்துவிடுகிறது: ஆலயத்துக்குக் கிளம்புமுன் பெற்றோர் ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கைவைத்து ஆசீர்வதிப்பார்கள். வெள்ளை உடுத்திய அப்பா குரல் உடைந்து ஆசீர்வதித்தது பிள்ளைக்கு நினைவிருக்கும், ஆலயத்தில் எத்தனை மணிக்குத் தூங்கிப்போனோம் என்பது நினைவிருக்காது. மறுநாள் அந்தியில் நெயிலா என்ற கடைசி ஜெபம். லண்டனில் ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில் ஷோஃபார் என்ற ஆட்டுக்கொம்பின் நீண்ட ஒரு ஊதலோடு நோன்பு முடியும், அதற்குப் பத்து நிமிடம் முன்னால் மூன்று பேரையும் உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். நாள் முழுக்கச் சோர்ந்திருந்த கூட்டம் சட்டென்று உயிர்பெறுவதைப் பார்க்க அதைவிட நல்ல பத்து நிமிடம் கிடைக்காது.

எருசலேம் ஆலயத்தின் அழிவை நினைத்து அழும் ஆவ் மாத ஒன்பதாம் நாள் இரவை நான் சின்னப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கவே மாட்டேன். விளக்கைக் குறைத்துத் தரையில் உட்கார்ந்து புலம்பல் புத்தகத்தை வாசிப்பார்கள், அதன் நாலாம் அதிகாரம் பத்தாம் வசனத்தை எடுத்துப் பார்த்தால் ஏன் என்று தெரியும். லண்டன் பிள்ளைக்கு எபிரேயம் அரைகுறை, ராகம் மட்டும் காதில் விழும். ஜெருசலேம் பிள்ளைக்கு அது தாய்மொழி, கொஞ்சம் பழைய நடை என்றாலும் பசியும் சாவும் நன்றாகவே புரியும்.

ஸ்பெயின் வழிவந்த செபராதிக் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு மாறும். அவர்கள் புத்தாண்டுக்கு முந்தைய எலூல் மாதத் தொடக்கத்திலிருந்து யோம் கிப்பூர்வரை, கிட்டத்தட்ட நாற்பது நாள், பெரும்பாலும் விடிவதற்கு முன்னால் செலிஹோத் சொல்கிறார்கள். இரவு எட்டு மணிக்குத் தூங்கிய எட்டு வயதுப் பிள்ளையை நாலரைக்கு எழுப்பினால் எட்டரை மணி நேரத் தூக்கம் கையில் இருக்கிறது, சனிக்கிழமை ஒரு மணிவரை கண்ணைப் பிதுக்கிக்கொண்டு உட்கார வைப்பதைவிட இது எவ்வளவோ தேவலை. பாட்டும் கூட்டாகப் பாடும் பாட்டு, பதிலுக்குப் பதில் சொல்லும் வரிகள், நடுவில் ஷோஃபார். பிள்ளை இரண்டாவது நாளே வாயசைக்கத் தொடங்கிவிடும். (அதில் ஒரு பாடல் தூங்கும் மனிதனைப் பார்த்து என்னப்பா உறக்கம் என்று கேட்டுத் தொடங்குகிறது. அது பெரியவர்களைப் பார்த்துக் கேட்ட கேள்வி என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.) அஷ்கெநாசி வீடுகளும் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்: முதல் இரவு போனால் போகட்டும், அடுத்த நாள்களில் அவர்களும் பல இடங்களில் காலை ஜெபத்துக்கு முன்னால்தான் சொல்கிறார்கள், ஒருநாள் மூத்த பிள்ளையை மட்டும் கூட்டிப்போகலாம். தாராளவாத ஆலயங்கள் பலவற்றில் முதல் இரவையே எட்டு, ஒன்பது மணிக்கு முன்தள்ளிவிடுகிறார்கள். ஆசாரக்காரர்கள் இதைக் கேலி செய்வார்கள், ஆனால் பிள்ளையோடு வருகிறவர்களுக்கு அது வசதி என்பதை அவர்களும் உள்ளுக்குள் ஒத்துக்கொள்வார்கள்.

பாதியில் திரும்பும் வழியைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள், பாதி ஜெபம் ஒரு ஜெபமா என்று. நோன்பைப் பிள்ளைகளுக்கு எப்படிப் பழக்குவது என்று தல்மூத் சொல்லும் முறையைப் பார்த்தால் அந்தத் தயக்கம் போய்விடும். இரண்டாம் மணிக்குச் சாப்பிடும் பிள்ளைக்கு மூன்றாம் மணிக்குக் கொடு, மூன்றாம் மணிக்குச் சாப்பிடும் பிள்ளைக்கு நாலாம் மணிக்குக் கொடு, மணி மணியாகத் தள்ளிப் பழக்கு என்கிறது. அப்படியே இதற்கும்: போன வருடம் பதினைந்து நிமிடம் இருந்தானா, இந்த வருடம் அரைமணி. கிளம்பும் நேரத்தை வீட்டிலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள், கதவுக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள், மத்தியானம் தூங்க வையுங்கள். பிள்ளை நன்றாக இருக்கும்போதே கிளம்புங்கள். அழுதபிறகு தூக்கிக்கொண்டு ஓடினால் நானூறு தலை திரும்பிப் பார்த்தது மட்டும்தான் அதன் மனதில் தங்கும்.

போக்குவரத்து சின்ன விஷயம் மாதிரித் தெரியும், முடிவை மாற்றுவது பெரும்பாலும் அதுதான். செலிஹோத் சனிக்கிழமை ஓய்வுநாள் முடிந்த பிறகு வருவதால் காரில் போகலாம், தூங்கினால் பின்சீட்டில் போட்டுக்கொண்டு வரலாம். பண்டிகை இரவுகளில் ஆசாரமான குடும்பம் நடந்துதான் போக வேண்டும், பத்து மணிக்குத் தூங்கி வழியும் பிள்ளையோடு இருபது நிமிட நடை என்பது தோளுக்குத்தான் தெரியும். யோம் கிப்பூரிலும் ஓய்வுநாளிலும் தெருக்களையும் வீட்டு வளாகமாகக் கணக்கிட வைக்கும் எரூவ் என்ற எல்லைக்கட்டு இல்லாத ஊரில் தள்ளுவண்டியையே தெருவில் தள்ளக் கூடாது, குழந்தையைத் தூக்கவும் கூடாது. வடமேற்கு லண்டனில் அந்த எல்லை 2003-இல்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முன்னால் கோல்டர்ஸ் கிரீன், ஹெண்டன் பக்கம் நடக்கத் தெரியாத குழந்தை வைத்திருந்த ஆசாரமான தாய்க்கு இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது, வீட்டில் இருந்தாள், அவ்வளவுதான். பாதுகாப்பையும் சொல்லாமல் விட முடியாது: 2019-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் யோம் கிப்பூர் அன்று ஆலயக் கதவு தாங்கியதால்தான் உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள், வெளியே இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். அதனால் இருட்டில் பிள்ளைகளோடு நடக்கத் தயங்கும் பெற்றோரை யாரும் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல வேண்டாம்.

கடைசியாக, யாரும் நேரடியாகப் பேசாத ஒன்று. பிள்ளைகள் சின்னவர்கள், வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தால் கூடவே யாரோ ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். நேரம் குறித்த கட்டளைகள் பலவற்றிலிருந்து பெண்களுக்கு விலக்கு உண்டு என்பதைச் சாக்காக வைத்து அந்த யாரோ ஒருவர் எப்போதும் அம்மாவாகவே ஆகிவிடுகிறார், மூன்று பிள்ளைகள் அடுத்தடுத்துப் பிறந்தால் பத்து வருடம் அவர் கோல் நித்ரே கேட்டிருக்கமாட்டார். அதனால் நம் வீட்டுக்கு என் கணக்கு இது: செலிஹோத் முதல் இரவுக்கு அம்மா தனியாகப் போகிறார், அப்பா வீட்டில். கோல் நித்ரேவுக்கு இந்த வருடம் அம்மாவும் மூத்த பிள்ளையும், அடுத்த வருடம் அப்பா. சிம்ஹத் தோராவுக்கும் நெயிலாவின் கடைசிப் பத்து நிமிடத்துக்கும் எல்லோரும். ஷாவுவோத் இரவுக்கு எட்டு வயது மட்டும், சீஸ்கேக்வரை.

வீட்டில் இருப்பவருக்கும் அன்றிரவு ஜெபம் உண்டு. தூங்கப்போகும் பிள்ளையோடு படுக்கை ஷேமா சொல்லி, பேரப்பிள்ளைகளை யாக்கோபு ஆசீர்வதித்த ஆதியாகமம் 48:16-ஐப் பாடுவார்கள், தன்னை மீட்ட தூதன் இந்தப் பிள்ளைகளை ஆசீர்வதிக்கட்டும் என்ற வசனம். சிம்ஹத் தோரா காலையில் அந்தப் பெரிய சால்வைக்கு அடியில் நிற்கும் பிள்ளைகளின் தலைக்குமேல் சபை முழுவதும் சொல்வதும் இதே வசனத்தைத்தான். இரண்டு வயதுக் குழந்தை அதைத் தினமும் கட்டிலில் கேட்டுத்தான் தூங்குகிறது.